ஏழு தொட்டியும் ஒற்றை முடியும்

அந்த வருஷம் ஐப்பசி மழை திருவள்ளூரைப் பிடித்த பிடியில் தீக்குச்சி உரசினால் குழைந்தது. அப்பளம் துணிபோல மடிந்தது. தபால் ஸ்டாம்புகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு பிரிய மாட்டோம் என்றன. ஊரே ஊறிக் கிடந்தது. ஊறக் கூடாது என்று உத்தரவு இருந்தது ஏழு மண்தொட்டிகளுக்கு மட்டும்தான். அந்த உத்தரவை நிறைவேற்றும் பொறுப்பு தாவீதின் தலையில் விழுந்திருந்தது.

தாவீது, ஏரி குளம் குட்டை கணக்கெடுப்புத் தனி ஆபீசில் பியூன். தற்காலிகப் பியூன். ஆபீசும் தற்காலிகம்தான். ஜில்லாவில் எத்தனை நீர்நிலை என்று ஆறே மாதத்தில் எண்ணிச் சொல்வதற்காக 1949-இல் திறந்தார்கள். எண்ணி முடிப்பதற்குள் எண்ணியதில் சிலது தூர்ந்துபோயிற்று, சிலது உடைந்துபோயிற்று. மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. இப்படியே ஆறு வருஷம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'மேலும் மூன்று மாதம்' என்று தாவீதுக்கு ஒரு காகிதம் வரும். அதை மடித்து பைபிளுக்குள் வைத்து வைத்து, பைபிளின் முதுகு விட்டுப்போயிருந்தது.

நிரந்தரப் பியூனுக்கும் தற்காலிகப் பியூனுக்கும் வேலையில் வித்தியாசம் கிடையாது. இவனுக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். வித்தியாசம் டவாலியில் இருந்தது. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே ஓடும் சிவப்புப் பட்டை, நடுவே பித்தளை வில்லை. தற்காலிகத்துக்கு அது கிடையாது.

தாவீதின் மைத்துனன் பாக்கியராஜ் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். நிரந்தரம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"இன்னா மாப்ளே, இன்னும் வண்டியில கீறியா, எறக்கி வுட்டுட்டாங்களா?"

டிக்கெட் இல்லாமல் ஏறினவனைக் கேட்கிற தோரணை. கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். தாவீதும் சிரிப்பான். அவன் மனைவி ரோசம்மாள் சிரிக்க மாட்டாள். வீடு வரைக்கும் பேசாமல் வந்து, வாசற்படியில் சொல்வாள்:

"எங்கண்ணன் வாய மூட ஒரு முழம் செவப்புத் துணி. அத்த வாங்கியாரத் துப்பில்ல உனுக்கு."

துப்பு தாவீதிடம் இருந்தது. கையெழுத்து ஆபீசரிடம் இருந்தது. அவனை நிரந்தரமாக்கும் பைல் மேசை மேசையாகத் தவழ்ந்து, எல்லாத் தடையும் தாண்டி, ஒரே ஒரு வரிக்காகக் காத்திருந்தது: 'ஸ்பெஷல் ஆபீசரின் பரிந்துரை தேவை.'

ஸ்பெஷல் ஆபீசரின் பெயர் அருணாச்சலம். அந்த வருஷம் ஆடியில் கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். வரும்போது மனைவி ஜானகியம்மாளை இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, தொட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார் என்பார்கள். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார மில் மானேஜரின் வீட்டு ஏலத்தில் எடுத்தவை அவை. தொட்டிகளோடு ஓர் இங்கிலீஷ் புஸ்தகமும் ஒரு பித்தளைப் பெட்டியும் சேர்ந்தே வந்தன.

தொட்டியில் இருந்தது என்ன என்று கேட்டால், ரயில் பாதை ஓரம் ஆடு கூடத் தொடாமல் முளைத்துக் கிடக்கிற கள்ளியின் ஒன்றுவிட்ட தம்பி, தங்கைகள் என்று யாரும் சொல்வார்கள். ஒன்று கூழாங்கல் மாதிரி இருந்தது. ஒன்று முள்ளங்கிக்கு முள் முளைத்தது மாதிரி. ஒன்று ரோஜாவைச் சாம்பலில் புரட்டியது மாதிரி. ஆனால் கள்ளி என்ற சொல்லை அந்த ஆபீசில் உச்சரிக்கக் கூடாது. "சக்குலண்ட்" என்று சொல்ல வேண்டும். வந்த முதல் வாரமே டைப்பிஸ்ட் வாய் தவறிக் கள்ளி என்று சொல்லி, விளக்கம் கேட்டு மெமோ வாங்கினார்.

ஜானகியம்மாள் மெமோவுக்குப் பயந்தவர் அல்லர். "கள்ளி முளைச்ச வீடுன்னா அது வாழ்த்தா, வசவா? நீங்களே சொல்லுங்க" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். தொட்டிகள் ஆபீசுக்கு வந்துவிட்டன.

ஆபீசில் ஒழுகாத அறை ஒன்றே ஒன்று, ரிக்கார்டு ரூம். அதிலிருந்த ஏரிக் கணக்குப் புஸ்தகங்கள் வராந்தாவுக்குக் குடிபெயர்ந்தன. தொட்டிகள் உள்ளே போயின. முதல் மழைக்கே கணக்குப் புஸ்தகங்களில் ஏரிகள் நிஜமாகவே நிரம்பின.

பித்தளைப் பெட்டி தளவாட ரிஜிஸ்தரிலும் சுவரிலும் ஏறியது. முகத்தில் கண்ணாடி, உள்ளே ஒரு முள், சுற்றிலும் சைபர் முதல் நூறு வரை எண்கள். காற்றில் எத்தனை ஈரம் என்று காட்டும் கருவி. ஆபீசர் அதற்கு வாய் நிறைய ஓர் இங்கிலீஷ் பெயர் சொன்னார். தாவீது 'ஈரக் கடியாரம்' என்றான். மணிக்கு ஒருமுறை அதைப் பார்த்து ரிஜிஸ்தரில் எழுதுவது அவன் வேலை.

ஐப்பசி முதல் தேதி ஆபீசர் அவனைக் கூப்பிட்டார்.

"தாவீது, புஸ்தகம் என்ன சொல்லுதுன்னா, அறையில ஈரம் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவுல இருக்கணும். இப்போ முள்ளு எங்க நிக்குது?"

"தொண்ணூத்தி ரெண்டுங்க."

"டிசம்பர் இருபதாம் தேதி மெட்ராஸ்ல மலர்க் கண்காட்சி. சக்குலண்ட் பிரிவுல கப் நமக்கு வரணும். வந்தா உன் பைல்ல கையெழுத்து. வரலேன்னா டிசம்பர் முப்பத்தொண்ணோட உன் மூணு மாசம் முடியுது. நான் ஒண்ணும் சொல்லலை. காலண்டர் சொல்லுது."

அன்றையிலிருந்து ஆபீஸ் ஏரியை விட்டுவிட்டு ஈரத்தை எண்ண ஆரம்பித்தது.

முதலில் ஜன்னல்களை அடைத்து, இடுக்குகளில் பசை போட்டுக் காகிதம் ஒட்டினார்கள். பிறகு பழவேற்காட்டிலிருந்து இரண்டு மூட்டை உப்பு வந்தது. உப்பு ஈரத்தை இழுக்கும் என்றார் ஆபீசர். இழுத்தது. இழுத்த ஈரத்தில் தானும் கரைந்து, தரையில் ஓடி, தாவீது நாளுக்கு நாலு முறை கடலைத் துடைத்தான். அதன்பின் நாலு சாக்கு சுட்ட சுண்ணாம்புக் கல். அது ஈரம் பட்டுப் புஸ்ஸென்று பூத்து, தாவீதுக்குத் தும்மல் வந்தது. தும்மலில் ஈரம் இருக்கிறது என்று ஆபீசர் அவனை வெளியே போய்த் தும்மச் சொன்னார். கடைசியில் கும்முட்டி அடுப்பு. கரி நெருப்பின் சூட்டில் தொட்டி மண் மேலாகக் காய்ந்து வெடித்தது. காய்ந்ததைக் கண்டு ஆபீசருக்கு இரக்கம் வந்து, தினம் காலையில் தம் கையாலேயே தொட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிவிட்டு முள்ளைப் பார்த்தார். எண்பத்தெட்டு.

"எங்கேயோ ஈரம் உள்ளே வருது" என்றார், காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு.

தலைமை குமாஸ்தா நூர் அகமது பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்ததால் வீட்டில் கெட்ட பெயர் எடுத்தவர். முகத்தில் ஒரு கோடு அசையாமல் பேசுவார்.

"சார், மனுசன் மூச்சுலயும் ஈரம் இருக்குங்களே" என்றார்.

கேலிக்குச் சொன்னது. மறுநாள் சுற்றறிக்கையாக வந்தது. ரிக்கார்டு ரூமில் நுழைகிறவர்கள் வாசலிலேயே மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு நுழைந்து, வேலையை முடித்து, வெளியே வந்தபின்பே அதை விட வேண்டும். ஈரத் துணி, ஈரக் குடை, சூடான காபி, எதுவும் வராந்தாவைத் தாண்டலாகாது. பொதுமக்களுக்கும் இது பொருந்தும்.

அந்தப் பொதுமக்களில் முதலில் மாட்டியவர் கலியன். கடம்பத்தூர் பக்கத்துக் குடியானவர். தலையில் கோணிச் சாக்கு, இடுப்பில் ஈர வேட்டி, கையில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய மனு.

"எங்கூரு ஏரிக்கரையில நண்டு வளை போட்டுக் கசியுது சாமி. இன்னம் ரெண்டு மழ தாங்காது. ஐயாவப் பாக்கணும்."

தாவீது கையை விரித்துக்கொண்டு நின்றான். "நனஞ்சுகினு வந்தா உள்ள வுட முடியாது நைனா. ஆர்டரு."

"ஏரி ஒடயப் போவுதுன்னு சொல்ல வர்றவன் காஞ்சுகினா வருவான்?"

நியாயமான கேள்விதான். நியாயத்துக்குப் பரிந்துரை எழுதும் அதிகாரம் இல்லையே. கலியன் வராந்தாவில் உட்கார்ந்து காய்ந்து பார்த்தார். அந்த மழையில் எது காயும்? போய்விட்டார். நாலு நாள் கழித்து மறுபடி வந்தார், முன்னிலும் அதிகமாக நனைந்து. மறுபடியும் போனார்.

ஐப்பசி இருபதுக்குள் ஏழு தொட்டியில் இரண்டு அவிந்துபோயின. கூழாங்கல் மாதிரி இருந்தது கஞ்சி மாதிரி ஆயிற்று. முள்ளங்கியைத் தொட்டால் விரல் உள்ளே போயிற்று. மிச்சம் ஐந்தும் வெளுத்துச் சாய்ந்தன. தாவீது தினமும் காலண்டரைப் பார்த்தான். காலண்டர் ஆபீசர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மாலை, ஆபீசர் போனபின், தாவீது ஈரக் கடியாரத்தின் முன் நின்றான். அதற்குள் என்னதான் இருக்கிறது? முதுகுப் பலகையில் நாலு திருகு. பேனாக்கத்தி முனையால் திருகினான். தன் ஜீவனத்தைப் பிடித்துவைத்திருக்கிற யந்திரத்தை ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான், வேறொன்றுமில்லை. பலகை பட்டென்று வந்தது. அதோடு உள்ளே எதுவோ மெல்லியதாக, பிட்டென்று அறுந்தது. முள் மல்லாந்து விழுந்து சைபரில் படுத்தது.

தாவீது ஓடினான். நூர் அகமதுவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

"பாய், காப்பாத்துங்க பாய். கடியாரம் செத்துப்போச்சு."

நூர் அகமது ஆபீசர் மேசையிலிருந்து இங்கிலீஷ் புஸ்தகத்தை எடுத்து வந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, பக்கம் புரட்டினார்.

"உள்ள சக்கரம் இல்ல, ஸ்ப்ரிங் இல்ல. ஒரு தலைமுடிதான். ஈரம் பட்டா நீளுமாம், காஞ்சா சுருங்குமாம். சீமைப் பொண்ணோட பொன்முடி விசேஷமாம்."

தாவீது பெட்டிக்குள் கையை விட்டு, அறுந்ததை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தான். பழுப்பாக ஒரு சாண் முடி.

"ஒரு மயிருக்கா பாய், இத்தினி நாளா நாம மூச்ச அடக்கிக்கினு இருந்தோம்?"

"சர்க்கார்ல பலதும் அப்படித்தான்" என்றார் நூர் அகமது. "புது முடி போட்டா சரியாப் போயிடும்னு போட்டிருக்கு. முடியை எப்படித் தயார் பண்றதுன்னு அடுத்த பக்கம் பார்க்கச் சொல்லுது." அடுத்த பக்கத்தைப் புரட்டப் பார்த்தார். வரவில்லை. மழை ஈரத்தில் அதற்கடுத்த நாலு பக்கங்களும் ஒரே அட்டையாகப் பிடித்துக்கொண்டிருந்தன. "முடியைத் தயார் பண்றதுல என்ன இருக்கு? நீளமா ஒண்ணு கொண்டா."

திருவள்ளூரில் பொன்முடிக்கு எங்கே போவது? விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தாவீது மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தான்.

"ரோசம்மா, உன் தலமுடியில ஒண்ணு குடும்மே."

ரோசம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எவளுக்கு?"

"எவளுக்கும் இல்ல, ஆபீசுக்கு."

"ஆபீசுக்கு எதுக்குய்யா எம்முடி? கட்டா கேட்டாலாச்சும் சவுரிக்குன்னு நெனைக்கலாம். ஒத்த முடி கேக்கறவன மந்திரவாதியாண்டதான் பாத்துருக்கேன். உண்மையச் சொல்லு, யாரு சொல்லிக்குடுத்தாங்க?"

தாவீது முதலிலிருந்து சொன்னான். அறுந்ததையும், சீமைப் பெண்ணையும், முள் சைபரில் படுத்ததையும், காலண்டரையும். ரோசம்மாள் கேட்டுக்கொண்டே வந்தவள், டவாலி என்ற இடம் வந்ததும் கொண்டையை அவிழ்த்தாள். தேடித் தேடி, நுனி பிளக்காத ஒன்றாகப் பார்த்துப் பிடுங்கினாள். கொடுக்கப்போனவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இரு. இப்பிடிப் பரட்டையா எடுத்துக்கினு போனா ஆபீசுல இன்னா நெனப்பாங்க? தாவீது பொஞ்சாதிக்கு எண்ணெ வாங்க வக்கில்லன்னு நெனப்பாங்க. வெள்ளக்காரிச்சி முடி இருந்த எடம் வேற."

மாடத்திலிருந்த விளக்கெண்ணெயில் இரண்டு விரலைத் தோய்த்து, முடியை மேலிருந்து கீழ் வரை உருவினாள். மறுபடி தோய்த்து மறுபடி உருவினாள். முடி நாகப்பழம்போல மினுங்கியது. அதை வாழையிலைத் துண்டில் சுருட்டி, கல்யாணத்துக்குப் பெண் அனுப்புகிறவள்போலக் கொடுத்தாள்.

அன்றைக்கே தாவீது அதைப் பெட்டிக்குள் கட்டினான். எண்ணெய் வழுக்கி முடிச்சு நிற்கவில்லை. தபால் உறைக்கு முத்திரை போடுகிற அரக்கை உருக்கி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு சொட்டு விட்டான். மூன்றாவதாக ஒரு சொட்டு, யாரும் கேட்காமலே, முள்ளின் அச்சில் விழுந்தது. அதை அவன் கவனிக்கவில்லை. முதுகுப் பலகையை மாட்டிவிட்டு முன்னால் வந்து பார்த்தான்.

நாற்பத்துநாலு.

தாவீது சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை ஆபீசர் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். முள்ளைப் பார்த்தார். அடக்கிய மூச்சு தானாக வெளியே வந்தது.

"நாற்பத்துநாலு! வெளியே கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, உள்ளே நாற்பத்துநாலு! நூர் அகமது, இதுக்குப் பேர் என்ன தெரியுமா? மெத்தட். கொஞ்ச நாள் பொறுக்கணும். இயற்கை வழிக்கு வந்துதான் ஆகணும்."

"வந்துருச்சுங்க சார்" என்றார் நூர் அகமது.

மத்தியானமும் நாற்பத்துநாலு. மறுநாளும் நாற்பத்துநாலு. இயற்கை வழிக்கு வந்தபின் அதற்கு மேல் செலவு எதற்கு? அடுப்பு போயிற்று. சுண்ணாம்பும் உப்பும் போயின. சாக்குகளை மடித்துக் கொல்லையில் போட்டார்கள். ஈரம் சரியாக இருந்தால் நல்ல காற்றோட்டம் வேண்டும் என்று புஸ்தகத்தின் ஒட்டாத பக்கம் ஒன்று சொன்னதால் ஜன்னல்களும் திறந்தன. ஆபீசர் தம் முறையைப் பற்றி இங்கிலீஷில் பதினெட்டுப் பக்கம் கட்டுரை எழுத உட்கார்ந்ததில், தண்ணீர் ஊற்றும் பொறுப்பும் தாவீதுக்கே வந்தது. தாவீது ஊற்றவில்லை. தொட்டால் முள் மறுபடி விழுந்துவிடுமோ என்று பயம். தொட்டிகளைச் சுற்றிப் பெருக்கக்கூட இல்லை. நாளுக்கு எட்டுத் தடவை எட்டி நின்று பார்த்து, எட்டுத் தடவையும் நாற்பத்துநாலு என்று எழுதினான். நாலாம் நாள் பார்க்காமலே எழுதினான். ஆபீசர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

கார்த்திகை பிறந்தது. சாய்ந்து கிடந்த ஐந்தும் நிமிர்ந்தன. சாம்பல் ரோஜா உடம்பு தேறி, நடுவிலிருந்து ஒரு தண்டு விட்டு, நுனியில் செம்மஞ்சளாக மணி மணியாகப் பூத்தது.

கட்டுரை மெட்ராஸ் தோட்டக்கலைச் சங்கம் ஒன்றுக்குப் போயிற்று. அதே வாரத்தில் பதில் வந்தது. சங்கத்தின் காரியதரிசி லட்சுமியம்மாள் நேரில் பார்க்க வருகிறாராம். கண்காட்சியில் பரிசு யாருக்கு என்று முடிவு செய்பவரும் அவர்தான். ஆபீசர் தாவீதைக் கூப்பிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோளில் தட்டினார். டவாலி ஓடவேண்டிய இடத்தில்தான் தட்டினார்.

லட்சுமியம்மாள் வந்த அன்று புயல் மழை. ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்கினார். ஐம்பது வயது, கதர்ப் புடவை, கனத்த கண்ணாடி, ஆண்கள் குடை. ரிக்கார்டு ரூமுக்குள் நுழைந்ததும் கண்ணாடியில் ஆவி படிந்தது. கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடி படிந்தது.

"இந்த அறையில" என்று ஆபீசர் ஆரம்பித்தார், "வெளி ஈரம் ஒரு துளி நுழைய முடியாது. என் மெத்தட்ல ஏழு படி."

திறந்த ஜன்னல் வழியே சாரல் அடித்து ஆபீசரின் கழுத்துப் பட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. லட்சுமியம்மாள் அதைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். தாவீது மூச்சை அடக்கிக்கொண்டான். சுற்றறிக்கைக்காக அல்ல.

"இரண்டாவது படி" என்றார் ஆபீசர்.

அப்போதுதான் கலியன் வந்தார். தடுக்க வேண்டிய தாவீது உள்ளே சிலையாக நின்றதால், வராந்தாவைத் தாண்டி நேரே ரிக்கார்டு ரூமுக்கே வந்துவிட்டார். தலை முதல் கால் வரை தண்ணீர். அவர் நின்ற இடத்தில் ஒரு குட்டை உண்டாயிற்று.

"ஐயா, மூணாந்தபா வரேன். கசிவு இப்ப என் தொடை கனம் ஆயிப்போச்சு" என்று சொல்லி, மனு நனையாமல் கொடுப்பதற்காகத் தலைத் துண்டை அவிழ்த்து, ஈரக் கடியாரத்துக்கு நேர் கீழே பிழிந்தார். ஒரு செம்பு தண்ணீர் இருக்கும்.

எல்லார் கண்ணும் முள்ளுக்குப் போயிற்று. முள் அசையவில்லை. ஞானிபோல நாற்பத்துநாலில் இருந்தது.

"ரொம்பக் கட்டுப்பாடான காற்று" என்றார் லட்சுமியம்மாள். ஒற்றை விரலால் கண்ணாடியைத் தட்டினார். பிறகு பலமாகத் தட்டினார். பிறகு பெட்டியைச் சுவரிலிருந்து இறக்கி, கைப்பையிலிருந்து ஊக்கு ஒன்றை எடுத்து, முதுகுத் திருகுகளைத் திருகினார். உள்ளேயிருந்த முடியை விரலால் தடவி, விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"விளக்கெண்ணெய்" என்றார்.



"ஐரோப்பிய லேடியோட முடி அது" என்றார் ஆபீசர்.

"அப்படியா? நல்லா எண்ணெய் தேய்ச்சு வாரிக்கிற லேடி போலிருக்கு. பிசுக்கு துளி இல்லாம கழுவினாதான் சார் முடி வேலை செய்யும். இது எண்ணெய்க்குள்ள சுகமாத் தூங்குது. போதாததுக்கு அச்சு மேல அரக்கு வேற. எரிமலைக்குள்ள வச்சாலும் நாற்பத்துநாலுதான் காட்டும்."

ஆபீசர் தாவீதின் பக்கம் திரும்பினார். அவர் வாய் திறப்பதற்குள் தாவீது முந்திக்கொண்டான்.

"எம் பொஞ்சாதி முடிங்க" என்றான். "பழசு அறுந்துபோச்சுங்க. நாந்தாங்க தொறந்தேன். பரட்டையா வைக்கக் கூடாதுன்னு அவதாங்க எண்ணெ போட்டுக் குடுத்தா. அவ மேல தப்பு இல்லீங்க."

லட்சுமியம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. பிறகு பூத்த செடியின் அருகே குனிந்து, மண்ணை விரலால் கிளறிப் பார்த்து, நிமிர்ந்தார்.

"செடிங்க அருமையா இருக்கு. இந்த ஒரு மாசமா இதுகளுக்கு என்னப்பா பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலீங்கம்மா."

"தண்ணி?"

"ஊத்தலீங்க. பயந்துகினு கிட்டயே போவல. ஜன்னலு தொறந்து கெடந்துச்சு, அவ்ளோதான்."

"கேட்டுக்குங்க சார்" என்றார் ஆபீசரிடம். "காற்றில ஈரம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும், காத்து நடமாடினா செடி பிழைச்சுக்கும். அறையை அடைச்சு, அடுப்பு மூட்டி, வேர்ல டம்ளர் டம்ளரா ஊத்தினா எந்தப் பாலைவனத்துச் செடியும் அழுகத்தான் செய்யும். உங்க மெத்தட்ல எட்டாவது படி இதுதான், சும்மா இருக்கிறது. கண்காட்சிக்குச் செடியை அனுப்புங்க. கட்டுரையை அனுப்பாதீங்க."

குதிரை வண்டி போனதும் ஆபீசருக்குக் குரல் வந்தது. "நூர் அகமது! அரசாங்கக் கருவியைச் சேதப்படுத்திய குற்றத்துக்கு இந்தத் தாவீதை இன்றைக்கே நீக்கி ஆர்டர் டைப் பண்ணுங்க."

தாவீது சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். பாக்கியராஜின் சிரிப்பு இங்கேயே கேட்டது.

"பண்ணிடலாம் சார்" என்றார் நூர் அகமது. "காரணம்னு ஒரு பத்தி எழுதணும். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை கருவியில் விளக்கெண்ணெய் முடி இருந்ததுன்னு எழுதலாமா?"

"எழுதுங்க."

"அந்தத் தேதிக்கெல்லாம் ரிஜிஸ்தர்ல தங்கள் கையெழுத்து இருக்கு. இருநூத்துச் சொச்சம் தடவை. அதையும் இணைக்கணும். மேலிடத்துல கேப்பாங்க."

ஆபீசர் ரிஜிஸ்தரை எடுத்துப் புரட்டினார்.

"கட்டுரையோட நகலையும் தாங்கள் மேலிடத்துக்கு அனுப்பியிருக்கீங்க. அதுல பன்னிரண்டாம் பக்கத்துல, 'என் நேரடி மேற்பார்வையில் ஒரு முள்ளும் அசையவில்லை'ன்னு இருக்கு. உண்மைதான், அசையலை." நூர் அகமதுவின் முகத்தில் கோடு அசையவில்லை. "இல்லேன்னா வேற மாதிரியும் எழுதலாம் சார். இந்தப் பியூனோட தளராத உழைப்பால செடிகள் பிழைச்சதுன்னு. அந்தம்மா வாயாலேயே சொல்லிட்டுப் போயிருக்காங்க. பைல் இங்கேதான் இருக்கு. ஒரு வரி."

பைலை மேசைமேல் வைத்தார். எப்போது எடுத்து வந்தார் என்று தாவீதுக்குத் தெரியவில்லை.

ஆபீசர் அந்த ஒரு வரியை எழுதினார். பேனா நிப்பு காகிதத்தைக் கிழித்தது. எழுதி முடித்ததும் அந்த அறையில் யார் முகத்தையும் பார்க்க முடியாமல், கண்ணில் பட்ட முதல் ஆளைப் பார்த்துக் கத்தினார்.

"ஏரி எங்கேய்யா இருக்கு?"

கலியன் இன்னும் தன் குட்டையிலேயே நின்றுகொண்டிருந்தார். "கடம்பத்தூராண்ட, சாமி."

"வா, போகலாம்!"

இப்படியாக, ஏரிகளைக் கணக்கெடுக்கும் ஸ்பெஷல் ஆபீசர் முதன்முதலாக ஒரு ஏரியைப் பார்க்கப் போனார். கொல்லையில் கிடந்த உப்புச் சாக்கும் சுண்ணாம்புச் சாக்கும் கூடவே போயின. அவற்றில் மண்ணை அடைத்து ஊர்க்காரர்கள் கசிவை அடைத்தார்கள். கரை நின்றது. சாக்குகள் தம் மெத்தட்டின்படியே வந்தன என்று ஆபீசர் அதற்கும் ஓர் அறிக்கை எழுதினார். கண்காட்சியில் கப் யாரோ ஒரு டாக்டருக்குப் போயிற்று. சாம்பல் ரோஜாவுக்கு ஒரு நற்சான்றுப் பத்திரம் கிடைத்தது. அதைச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டினார்கள். தை மாதத்துக்குள் அதில் பூஞ்சை பிடித்தது.

முடி பெட்டியிலேயே இருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் எடுத்ததற்குக் காரணம் எழுத வேண்டும். ஆகவே நூர் அகமது அதைத் தளவாட ரிஜிஸ்தரில் ஏற்றிவிட்டார்: 'தலைமுடி, பெண், நீளமானது — ஒன்று. நல்ல நிலை.' சித்திரை வெயிலில் ஊர் வறண்டபோதும் அது நாற்பத்துநாலே காட்டியது.

டவாலி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தாவீது அதைப் போட்டுக்கொண்டே கோயிலுக்குப் போனான். போடக் கூடாதுதான். பூசை முழுக்க சாமியாரைவிட அதிகம் பேர் அவனைப் பார்த்தார்கள். வாசலில் பாக்கியராஜ் செருப்பைத் தேடாமல் வில்லையைத் தேடினான். சுற்றிவந்து பார்த்தான். விரலால் சுண்டிப் பார்த்தான்.

"பித்தள கொஞ்சம் மெல்லிசாத்தான் கீது" என்றான். "பரவால்ல. எப்பிடியோ பர்மனெண்டு ஆயிட்டே மாப்ளே."

தாவீது பேச வாயெடுத்தான். அதற்குள் ரோசம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். அன்றைக்கு விளக்கெண்ணெய் தாராளமாகவே தடவியிருந்தாள்.

"அவரு இப்பத்தாண்ணே ஆனாரு. எந்தலமுடி ஐப்பசியிலேயே சர்க்கார்ல சேந்துட்டுது. அத்த ஒரு நாளும் யாரும் மூணு மாசம்னு சொன்னதில்ல."